வீட்டில் செய்யும் காற்றுச் சுரங்கத்துக்கு எவ்வளவு பெரிய விசிறி வேண்டும்?

#1 சிறகு (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரம் படிக்கிறேன். நானும் அண்ணாவும் வீட்டில் ஒரு காற்றுச் சுரங்கம், அதாவது விசிறியால் உள்ளே சீராகக் காற்று ஓடும் பெட்டி, செய்யத் தொடங்கியிருக்கிறோம். ரெஜிபோமில் வெட்டிய சிறகுத் துண்டுகளை உள்ளே வைத்து, கோணத்தை மாற்ற மாற்றத் தூக்குவிசை எப்படி மாறுகிறது என்று நாங்களே அளந்து பார்க்க வேண்டும். பாடப்புத்தகத்தில் வரைபு இருக்கிறது. அதே வரைபு எங்கள் கையாலும் வர வேண்டும் என்பதுதான் ஆசை.

இதுவரை நினைத்திருப்பது இது: பிளைவூட்டில் 45 சென்ரிமீற்றர் சதுரப் பெட்டி, நீளம் 2 மீற்றர். ஒரு பக்கம் பேர்ஸ்பெக்ஸ். காற்று நேராக வர, சிறகுக்குச் சற்று முன்னால் ஸ்ட்ரோக்களை அடுக்கி ஒரு தேன்கூடு. பின்னால் விசிறி. வேகம் செக்கனுக்கு 20 மீற்றர்.

புறக்கோட்டையில் ஒரு கடையில் 12 அங்குல எக்ஸோஸ்ட் விசிறி ஒன்றைக் காட்டினார்கள். மணிக்கு 1,800 கன மீற்றர் என்று அதில் ஒட்டியிருந்தது. அதாவது செக்கனுக்கு 0.5 கன மீற்றர். எங்கள் பெட்டியின் குறுக்குவெட்டு 0.2025 சதுர மீற்றர். வகுத்தால் செக்கனுக்கு 2.5 மீற்றர்தான் வருகிறது. 20 மீற்றருக்கு இப்படி எட்டு விசிறி வேண்டுமா? வேறு வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஜெட்கனவு (வத்தளை)

கணினிக்குள் இருக்கும் 12 சென்ரிமீற்றர் விசிறிகளை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். பழைய இயந்திரங்களில் இருந்து மலிவாகக் கிடைக்கும். 12 வோல்ட் என்பதால் மின்னதிர்ச்சிப் பயமும் இல்லை. சதுரப் பெட்டிக்கு அளவாக அடுக்கலாம், காற்றும் எல்லா இடத்திலும் ஒரே சீராக வரும்.

#3 குழாய்க்காற்று (கொட்டாஞ்சேனை)

பிள்ளை, நீர் செய்த வகுத்தல் சரி. ஆனால் அந்த 1,800 என்ற எண்ணை அப்படியே நம்பி வகுத்திருக்கிறீர். அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். சமையலறைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் காற்றோட்டக் குழாய் போடுவது என் தொழில். இந்த ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

விசிறியில் ஒட்டியிருக்கும் கொள்ளளவு, முன்னாலும் பின்னாலும் ஒரு தடையும் இல்லாமல் வெறுமனே சுழலும்போது கிடைப்பது. சுமையே இல்லாத லொறியின் வேகத்தைச் சொல்லி லொறி விற்பது போன்ற கணக்கு அது. நீர் பெட்டி, தேன்கூடு, வலை என்று தடை வைத்த உடனே விசிறி அமுக்கம் கொடுத்துத் தள்ள வேண்டும். அமுக்கம் கூடக் கூடக் கொள்ளளவு குறையும். ஒரு கட்டத்தில் விசிறி சத்தம் போட்டுச் சுற்றிக்கொண்டே இருக்கும், காற்று நகராது. எந்த அமுக்கத்துக்கு எவ்வளவு காற்று என்று காட்டும் வளைகோட்டைத் தயாரிப்பாளர்கள் வெளியிடுகிறார்கள். விசிறி வாங்குகிறவர் கேட்க வேண்டியது அந்த வளைகோட்டை. அங்குலக் கணக்கில் விசிறி விற்கும் கடையில் அது இருக்காது.

இப்போது உமது எட்டு விசிறிக்கு வருகிறேன். பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கொள்ளளவு கூடும், அமுக்கம் கூடாது. ஒன்றின் பின்னால் ஒன்றாக வைத்தால் அமுக்கம் கூடும், கொள்ளளவு கூடாது. உமது பெட்டியின் தடையை ஒரு விசிறியால் வெல்ல முடியாவிட்டால் பக்கத்தில் எட்டு வைத்தாலும் வெல்ல முடியாது.

முடியுமா என்று ஒரு சின்னச் சோதனை செய்து பார்ப்போம். 12 அங்குல விசிறி, நிமிடத்துக்கு 1,400 சுற்று. இதழின் நுனி செக்கனுக்கு ஏறத்தாழ 22 மீற்றரில் ஓடுகிறது. அந்த வேகத்துக்குரிய இயக்க அமுக்கமே, அதாவது காற்றின் வேகத்தால் வரும் அமுக்கமே, ஏறத்தாழ 280 பாஸ்கல். தகட்டில் வளைத்த சாதாரண இதழ் அதில் சிறு பங்கைத்தான் அமுக்கமாகத் தரும். உமது பெட்டி என்ன கேட்கிறது? கூர்மையான வாய், வேகமான இடத்திலேயே தேன்கூடு, வெளியேறும் காற்றின் வேகம் முழுக்க வீண். மூன்றையும் கூட்டினால் இயக்க அமுக்கத்தின் இரண்டு மடங்கு இழப்பு. செக்கனுக்கு 20 மீற்றரில் அது 460 பாஸ்கலைத் தாண்டும். அந்த விசிறி எத்தனை சேர்த்தாலும் நடக்காத காரியம்.

ஜெட்கனவு தம்பி, கணினி விசிறிக்கும் இதே பதில்தான். 12 சென்ரிமீற்றர் விசிறி ஒன்று தடையில்லாமல் மணிக்கு 100 கன மீற்றர் அளவில் தரும், அமுக்கம் பொதுவாக 20 பாஸ்கல் வரைதான். புகைக்கோடு பார்க்கும் மெதுவான சுரங்கத்துக்கு நல்ல யோசனை. விசை அளக்கும் சுரங்கத்துக்கு உதவாது.

#4 சிறகு (வெள்ளவத்தை)

நன்றி ஐயா. விசிறி வாங்க முன்பு உங்கள் பதில் கிடைத்தது நல்லதாகிவிட்டது. அப்படியானால் நான் முதலில் கணக்கிட வேண்டியது அமுக்கத்தைத்தானா? அதை எங்கே இருந்து தொடங்குவது?

#5 பௌதிகம் ரீச்சர் (தெஹிவளை)

மகள், தொடக்கம் விசிறியும் இல்லை, அமுக்கமும் இல்லை. எதைக் கொண்டு அளக்கப்போகிறீர்கள்? தராசில் இருந்து தொடங்குங்கள்.

வீட்டுச் சமையலறை இலத்திரனியல் தராசு 1 கிராம் வரை காட்டும் என்று வைத்துக்கொள்வோம். சிறகின் அகலம் 8 சென்ரிமீற்றர், நீளம் 20 சென்ரிமீற்றர். பரப்பு 0.016 சதுர மீற்றர். தூக்குக் குணகம், அதாவது இயக்க அமுக்கத்தைப் பரப்பால் பெருக்கியதில் எவ்வளவு பங்கு தூக்குவிசை ஆகிறது என்ற எண், 0.8. கொழும்பில் 30 பாகை வெப்பமும் ஈரப்பதனும் சேர்ந்த காற்றின் அடர்த்தி கன மீற்றருக்கு 1.16 கிலோகிராம் அளவில் இருக்கும். வெளிநாட்டுப் புத்தகங்கள் தரும் 1.225 என்ற எண் 15 பாகைக்கானது, அதைப் பாவிக்காதீர்கள்.

செக்கனுக்கு 7 மீற்றரில் இயக்க அமுக்கம் 28 பாஸ்கல். தூக்குவிசை 37 கிராமுக்குச் சமம். பரவாயில்லை போலத் தெரியும். ஆனால் சிறகைக் காற்று பின்னுக்கு இழுக்கும் இழுவிசை அதில் ஐந்தில் ஒன்றோ பத்தில் ஒன்றோதான், அதாவது 4 முதல் 7 கிராம். 1 கிராம் தராசில் அதை அளந்தால் வரைபு படிக்கட்டு மாதிரி வரும். செக்கனுக்கு 15 மீற்றருக்குப் போனால் இயக்க அமுக்கம் 130 பாஸ்கல், தூக்குவிசை 170 கிராம், இழுவிசை 17 முதல் 34 கிராம். இப்போது தராசு தாங்கும். 20 மீற்றர் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் உங்கள் கேள்விக்கு அது தேவையில்லை. வலு வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 15 மீற்றரில் இருந்து 20 மீற்றருக்குப் போக 2.4 மடங்கு வலு வேண்டும்.

அடுத்தது பெட்டியின் அளவு. காற்றோட்டத்தில் சிறகு மறைக்கும் முகப்பு குறுக்குவெட்டின் 5 வீதத்துக்குள் இருந்தால் சுவர்களின் பாதிப்பு சிறிதாக இருக்கும். மேலே சொன்ன சிறகை 10 பாகை சாய்த்தால் முகப்பு 28 சதுர சென்ரிமீற்றர். 25 சென்ரிமீற்றர் சதுரப் பெட்டியில் 5 வீதம் என்றால் 31. ஆகவே 25 போதும், 45 வேண்டியதே இல்லை. குறுக்குவெட்டு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது.

0.0625 சதுர மீற்றரை 15 ஆல் பெருக்குங்கள். செக்கனுக்கு 0.94 கன மீற்றர், மணிக்கு ஏறத்தாழ 3,400. உங்கள் முதல் திட்டம் கேட்டது 14,600. இந்த ஒரு மாற்றத்தில் விசிறி எவ்வளவு சிறியதாகிறது என்று பாருங்கள்!

#6 மொறட்டுவை இயந்திரம்

ரீச்சர் சொன்ன எண்களை அப்படியே எடுத்து அமுக்கக் கணக்கைப் போடுகிறேன். தங்கச்சி, இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். விசிறிக்குச் செலவழிக்கும் காசில் பாதியை இது மிச்சப்படுத்தும்.

தேன்கூட்டையும் காற்றைச் சீராக்கும் வலையையும் சிறகுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. முன்னால் 61 சென்ரிமீற்றர் சதுரத்தில் ஒரு பெரிய அமைதிப் பெட்டி செய்து, அதில் வையுங்கள். அங்கிருந்து வளைந்து ஒடுங்கி 25 சென்ரிமீற்றருக்கு வரட்டும். பரப்பு விகிதம் 6. பெரிய பெட்டிக்குள் காற்று செக்கனுக்கு 2.5 மீற்றரில்தான் நகரும், இயக்க அமுக்கம் ஏறத்தாழ 3.6 பாஸ்கல். ஒரு தேன்கூடும் இரண்டு வலையும் சேர்ந்து அதைப் போல 3.5 மடங்கு இழப்பைத் தந்தாலும் மொத்தம் 13 பாஸ்கல். அதே மூன்றையும் 15 மீற்றர் வேகத்தில் வைத்திருந்தால் 455 பாஸ்கல் போயிருக்கும். பொருள் அதேதான், வைக்கும் இடம்தான் வேறு.

எல்லா இழப்புகளையும் சோதனைப் பகுதியின், அதாவது சிறகு இருக்கும் 25 சென்ரிமீற்றர் இடத்தின், இயக்க அமுக்கத்தோடு ஒப்பிட்டுச் சொல்கிறேன். வலைகளும் தேன்கூடும் 0.10. ஒடுங்கு பகுதியும் சோதனைப் பகுதிச் சுவர்களும் 0.08. சிறகும் அதைத் தாங்கும் கம்பியும் 0.05. சிறகுக்கும் விசிறிக்கும் இடையில் மெல்ல விரிந்து போகும் விரிகுழலில் 0.07. விசிறிக் காப்புவலை 0.05. கூட்டினால் 0.35. கடைசியில் வெளியேறும் காற்றோடு போகும் சக்தி இருக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் பெரியது, அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். விரிகுழல் இல்லாவிட்டால் அது 1.0, முழுவதும் வீண். பரப்பை இரண்டு மடங்காக விரித்தால் வேகம் பாதி, இழப்பு 0.25.

ஆக மொத்தம் 0.60. அதை 130 ஆல் பெருக்கினால் 78 பாஸ்கல். காற்றுக்குக் கொடுக்கும் வலு 0.94 × 78, அதாவது 73 வாட். விசிறியும் மோட்டாரும் சேர்ந்த வினைத்திறன் 35 வீதம் என்று எடுத்தால் 210 வாட் மோட்டார். இதே சிக்கனத்தோடு 45 சென்ரிமீற்றர் பெட்டியில் 20 மீற்றர் வேகம் கேட்டிருந்தால் 1,600 வாட் வேண்டியிருக்கும்.

விரிகுழலை அவசரப்பட்டு விரிக்காதீர்கள். பக்கத்துக்கு 3 பாகை, மொத்தம் 6. அதற்கு மேல் போனால் காற்று சுவரை விட்டுப் பிரிந்து, விசிறிக்குத் துடிப்பாகப் போகும். 25 சென்ரிமீற்றர் சதுரத்தில் இருந்து 40 சென்ரிமீற்றர் வட்டத்துக்கு வர 1.1 மீற்றர் நீளம் வேண்டும். அறையில் இடம் இல்லை என்று வெட்டிக் குறுக்க ஆசை வரும். வெட்டுவதானால் வேறெங்காவது வெட்டுங்கள், விரிகுழலில் கை வைக்காதீர்கள். கஸ்டாவ் ஈஃபெல் 1912 இல் பாரிசின் ஓத்தோய் பகுதியில் அமைத்த சுரங்கத்தில் விரிகுழலைச் சேர்த்தபோது, முந்தைய சுரங்கத்தைவிடப் பெரிய குறுக்குவெட்டில் கூடிய வேகம் கிடைத்தது.

#7 குழாய்க்காற்று (கொட்டாஞ்சேனை)

தம்பியின் கணக்கு நன்று. ஒரு இடத்தில் மட்டும் நிற்க வேண்டும். 78 என்பது மொத்த அமுக்கம். விசிறி வளைகோடுகளில் பெரும்பாலும் எழுதியிருப்பது நிலை அமுக்கம். வெளியேறும் காற்றின் இயக்க அமுக்கத்தை அவர்கள் ஏற்கெனவே கழித்துவிட்டார்கள். ஆகவே வளைகோட்டில் தேட வேண்டியது 0.35 × 130, அதாவது 45 பாஸ்கல். 78 என்று தேடினால் ஒரே இழப்பை இரண்டு தடவை கணக்கிட்டு, தேவையில்லாமல் பெரிய விசிறி வாங்குவீர்கள்.

ஆனால் நான் 45 இல் நிற்க மாட்டேன். பிளைவூட் மூட்டுகள், கசிவு, வலையில் படியும் தூசி எல்லாம் இருக்கின்றன. மணிக்கு 3,400 கன மீற்றரை 60 பாஸ்கல் நிலை அமுக்கத்தில் தருகிற விசிறி என்று கேளுங்கள். 16 அங்குலத்தில் நிமிடத்துக்கு 1,400 சுற்று ஓடும் சாதாரண சுவர் விசிறி இந்த எல்லையில்தான் நிற்கும், கொஞ்சம் குறையலாம்.

இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் திட்டங்கள் நிறைய அமெரிக்காவில் செய்யப்பட்டவை. அங்கே 60 ஹேர்ட்ஸ், இங்கே 230 வோல்ட் 50 ஹேர்ட்ஸ். நான்கு துருவ மோட்டார் அங்கே 1,750 சுற்று அளவில் ஓடும், இங்கே 1,400 சொச்சம். சுழற்சி ஆறில் ஐந்தாகக் குறைந்தால் கொள்ளளவும் ஆறில் ஐந்து. அமுக்கம் அதன் வர்க்கமாக 69 வீதத்துக்கு இறங்கும். அவர்கள் எழுதிய விசிறி அளவை அப்படியே நகல் எடுத்தால் வேகம் வராது.

#8 ஜெட்கனவு (வத்தளை)

கணினி விசிறி யோசனையை விடுகிறேன். விளக்கத்துக்கு நன்றி ஐயா. இன்னொன்று கேட்கலாமா? வாகன ரேடியேற்றர் விசிறி எப்படி? நெருக்கமான ரேடியேற்றர் தகடுகளுக்குள்ளால் காற்றை இழுக்கத்தானே அதைச் செய்திருக்கிறார்கள். அமுக்கம் இருக்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் பாவித்த விசிறி எத்தனையோ கிடக்கிறது.

#9 குழாய்க்காற்று (கொட்டாஞ்சேனை)

மிக நல்ல யோசனை! வீட்டுச் சுரங்கத்துக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. இதழ்கள் ஆழமானவை, சுழற்சி கூட, தடைக்கு எதிராகத் தள்ளவே பிறந்தது. வான் ஒன்றில் இருந்து கழற்றிய பெரிய விசிறியாகப் பாருங்கள். கையால் சுழற்றிப் பார்த்து, அச்சு ஆடாமல், உராயும் சத்தம் இல்லாமல் இருந்தால் வாங்குங்கள். அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையோடு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

#10 மொறட்டுவை இயந்திரம்

வழிமொழிகிறேன். ஆனால் 12 வோல்ட் என்பதால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 200 வாட் என்றால் 17 அம்பியர். மெல்லிய வயர் சூடேறி உருகும். நேரோட்ட மோட்டார் தொடங்கும் கணத்தில் இதைவிடக் கூட இழுக்கும். தடித்த வயர், வழியில் ஒரு உருகி, இரண்டும் கட்டாயம். வாகனத்தில் இயந்திரம் ஓடும்போது அந்த விசிறிக்கு 14 வோல்ட்டுக்குக் கிட்டக் கிடைக்கிறது. உங்கள் மின்வழங்கி 12 தந்தால் சுழற்சி குறையும். சில வழங்கிகளில் வோல்ட்டளவைச் சிறிது கூட்ட ஒரு திருகாணி இருக்கும்.

வேகத்தை மாற்ற நேரோட்டம் வசதியானது. சுவர் விசிறி வாங்கியிருந்தால், அதன் வாயை அடைத்துக் குறைக்க வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். விசிறி திணறிக் காற்று துடிக்கும். அப்போது செய்ய வேண்டியது விரிகுழலுக்கும் விசிறிக்கும் இடையில் ஒரு கதவைத் திறந்து அறைக்காற்றை உள்ளே விடுவது. விசிறி தன் பாட்டில் ஓடும், சோதனைப் பகுதியில் வேகம் இறங்கும்.

விசிறியின் இரண்டு பக்கமும் காப்புவலை போடுங்கள். சிறகு கழன்றால் நேரே இதழுக்குள்தான் போகும், உடைந்த துண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. அண்ணாவுக்கும் சொல்லுங்கள், இது தவிர்க்க முடியாதது.

#11 பழைய ஏடு (பம்பலப்பிட்டி)

எல்லோரும் விசிறியைப் பின்னால் வைத்து இழுக்கச் சொல்கிறீர்கள். ரைட் சகோதரர்கள் 1901 இல் டேற்றனில் செய்த சுரங்கத்தில் விசிறி முன்னால்தான் இருந்தது. 16 அங்குலச் சதுரப் பெட்டி, 6 அடி நீளம். விசிறி காற்றைத் தள்ள, உலோகத் தேன்கூடு அதை நேராக்கியது. சைக்கிள் கம்பியும் வாள் அலகும் கொண்டு செய்த தராசு. வேகம் மணிக்கு 25 முதல் 35 மைல், அதாவது செக்கனுக்கு 11 முதல் 16 மீற்றர். இந்தப் பிள்ளை கேட்கும் வேகமும் அதுவே என்பதைப் பார்க்க எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. தள்ளினால் என்ன குறை?

#12 மொறட்டுவை இயந்திரம்

குறை என்று இல்லை ஐயா. ஆனால் அச்சு வழியே தள்ளும் விசிறியை விட்டு வரும் காற்று சுழன்றுகொண்டு வரும், நடுவில் இதழ்கள் பொருந்தியிருக்கும் குடத்துக்குப் பின்னால் ஒரு ஓட்டை போல வேகம் குறைந்திருக்கும். அதைச் சரிசெய்ய வலைகள் கூட வேண்டும், இழப்பும் கூடும். இழுத்தால் சிறகுக்கு வருவது அறையின் அமைதியான காற்று. சுழற்சி எல்லாம் சிறகைத் தாண்டிய பிறகுதான். தள்ளும் சுரங்கங்களில் மையவிலக்கு விசிறி போடும் வழக்கமும் உண்டு, அது வேறு வகை வடிவமைப்பு.

இழுக்கும் சுரங்கத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனைப் பகுதிக்குள் அமுக்கம் அறையைவிடக் குறைவு. ஒவ்வொரு இடுக்கும் காற்றை உள்ளே உறிஞ்சும். பேர்ஸ்பெக்ஸ் மூடியைச் சுற்றி மென்மையான ரப்பர் நாடா, மூட்டுகளுக்குச் சிலிக்கன்.

#13 சிறகு (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் மிகவும் நன்றி. திட்டத்தை முழுவதும் மாற்றிவிட்டோம். 25 சென்ரிமீற்றர் சோதனைப் பகுதி, 61 சென்ரிமீற்றர் அமைதிப் பெட்டி, 1.1 மீற்றர் விரிகுழல்.

தேன்கூட்டில்தான் நிற்கிறோம். 2023 ஒக்டோபரில் இருந்து பிளாஸ்டிக் ஸ்ட்ரோவுக்குத் தடை, கடைகளில் கடதாசி ஸ்ட்ரோதான் இருக்கிறது. 6 மில்லிமீற்றர் ஸ்ட்ரோ என்றால் 61 சென்ரிமீற்றர் பெட்டியை நிரப்பப் பத்தாயிரம் துண்டுக்கு மேல் வேண்டும் என்று அண்ணா கணக்கிட்டுச் சொல்கிறார். குறைக்க வழி உண்டா?

#14 பௌதிகம் ரீச்சர் (தெஹிவளை)

தடித்த பானங்களுக்குக் கொடுக்கும் 10 மில்லிமீற்றர் ஸ்ட்ரோ எடுங்கள். 3,700 அளவில் முடிந்துவிடும். நீளம் விட்டத்தின் 6 முதல் 8 மடங்கு, ஆகவே 7 சென்ரிமீற்றர் துண்டுகள். கடதாசி ஸ்ட்ரோ தாராளமாகப் போதும், காற்றுக்குத் தெரியாது அது கடதாசி என்று. வெட்டிய வாயில் பிசிர் மட்டும் இருக்கக் கூடாது.

வலைக்கு யன்னலில் அடிக்கும் நுளம்பு வலை. வாங்கும்போது திறந்த பகுதி 57 வீதத்துக்குக் குறையாமல் பாருங்கள். அதைவிட நெருக்கமானால் துளைகளில் இருந்து வரும் சிறு தாரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சீராக்க வேண்டிய வலையே காற்றைக் கோணலாக்கிவிடும். கம்பியின் தடிப்பையும் துளையின் அகலத்தையும் அளந்தால் கணக்கு வந்துவிடும்.

#15 சிறகு (வெள்ளவத்தை)

ஓடிவிட்டது!

பஞ்சிகாவத்தையில் 38 சென்ரிமீற்றர் இதழ் விட்டமுள்ள ரேடியேற்றர் விசிறி கிடைத்தது. உறை உடைந்திருந்ததால் விசிறியை மட்டும் தந்தார்கள். விரிகுழலின் 40 சென்ரிமீற்றர் வட்ட வாயில் பொருத்தியிருக்கிறோம். சதுரத்தில் இருந்து வட்டத்துக்கு வரும் மூலைகளைத் தடித்த காட்போட்டை வளைத்து ஒட்டி நிரப்பினோம்.

வேகம் அளக்க, அமுக்க வித்தியாசத்தை நீரின் உயரமாகக் காட்டும் சாய்ந்த நீர்மானி செய்தோம். தெளிவான பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் ஒட்டி, 5 மில்லிமீற்றர் நகர்ந்தால் 1 மில்லிமீற்றர் உயரம் வரும்படி சாய்த்தோம். தண்ணீரில் இரண்டு துளி கேசரி நிறம். ஒரு முனை அமைதிப் பெட்டிச் சுவரில், மற்றது சோதனைப் பகுதிச் சுவரில். விசிறியைப் போட்டதும் சிவப்புக் கோடு மெல்ல ஏறி 47 இல் நின்றது. அதாவது 9.4 மில்லிமீற்றர் நீர், 92 பாஸ்கல். வேகம் செக்கனுக்கு 12.6 மீற்றர்.

சுவரில் ஒட்டிய நூல்கள் சோதனைப் பகுதியில் அசையாமல் நேராக நிற்கின்றன. விரிகுழலின் கடைசிப் பகுதியில் மட்டும், விசிறிக்குக் கிட்ட, ஓரமாக இருக்கும் நூல்கள் துடிக்கின்றன, சில சமயம் திரும்பிப் படுக்கின்றன. 15 வருமா?

#16 குழாய்க்காற்று (கொட்டாஞ்சேனை)

பிள்ளை, வாசித்ததும் மனம் நிறைந்துவிட்டது. அந்தச் சிவப்புக் கோடு ஏறியதை நேரில் பார்த்திருக்க வேண்டும்.

ஓர நூல்கள் திரும்பிப் படுப்பதற்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. 38 இதழ், 40 வாய். சுற்றிவர 10 மில்லிமீற்றர் இடைவெளி. விசிறி பின்னால் தள்ளிய காற்று அந்த வளையத்துக்குள்ளால் திரும்பி முன்னுக்கு வருகிறது. உறை இருந்தால் இது நடந்திருக்காது. இதழ் நுனிக்கும் சுவருக்கும் இடையில் 3 அல்லது 4 மில்லிமீற்றருக்கு மேல் விடக் கூடாது. தடித்த காட்போட்டை அல்லது மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை வளையமாக வளைத்து உள்ளே ஒட்டுங்கள். இதழின் அகலம் முழுவதையும் அது மூட வேண்டும். பிறகு மின்னைப் போடாமல் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்து, எங்கும் உரசவில்லை என்று உறுதிசெய்யுங்கள்.

#17 மொறட்டுவை இயந்திரம்

நீர்மானியின் இரண்டு முனைகளையும் வைத்த இடங்கள் மிகச் சரி, தங்கச்சி. ஒரு முனையை அறைக்காற்றில் விட்டிருந்தால் வலைகளின் இழப்பும் சேர்ந்து வேகத்தைக் கூட்டிக் காட்டியிருக்கும். அமைதிப் பெட்டியிலும் காற்று கொஞ்சம் நகர்வதால் உண்மை வேகம் நீங்கள் கண்டதைவிட 1.5 வீதம் கூட. அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

மின்வழங்கலில் வோல்ட்டளவு ஏறி இறங்கினால் வேகமும் மாறலாம். ஒவ்வொரு வாசிப்போடும் நீர்மானி எண்ணையும் எழுதுங்கள். விசையை அந்த அமுக்கத்தால் வகுத்தால் வேகம் கொஞ்சம் மாறினாலும் குணகம் கெடாது.

#18 சிறகு (வெள்ளவத்தை)

வளையம் ஒட்டிவிட்டோம், இடைவெளி இப்போது 4 மில்லிமீற்றர். வழங்கியின் திருகாணியைத் தொடவில்லை, வோல்ட்டளவு முன்பு இருந்ததுதான். சிவப்புக் கோடு 55 க்குப் போனது. 108 பாஸ்கல், செக்கனுக்கு 13.6 மீற்றர். ஓர நூல்களும் நேராகிவிட்டன. விசிறியின் சத்தமே மாறிவிட்டது, முன்பு இருந்த உறுமல் இல்லை.

மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் ஓட்டலாமா? அறையில் இடம் நெருக்கமாக இருக்கிறது.

#19 பௌதிகம் ரீச்சர் (தெஹிவளை)

மொட்டைமாடி வேண்டாம் மகள். வெள்ளவத்தையில் கடற்காற்று ஒரு கணம் வரும், ஒரு கணம் நிற்கும். நீர்மானியின் கோடு ஓரிடத்தில் நிற்காது. அறைக்குள்ளேயே மூலைவிட்டமாக வையுங்கள், கூரை விசிறியை நிறுத்துங்கள். விசிறியின் வாய்க்கும் சுவருக்கும் இடையில் ஒரு மீற்றராவது இருக்கட்டும். வெளியேறும் காற்று அறையைச் சுற்றி மறுபடி முன்வாய்க்கு வரும். வலைகள் அதைச் சீராக்கிவிடும்.

13.6 போதும். 15 க்காக இன்னும் காசு செலவழிக்க வேண்டாம். உங்கள் சிறகுக்குத் தூக்குவிசை 140 கிராம் வரும். ரெனோல்ட்ஸ் எண், அதாவது சிறகின் அளவையும் வேகத்தையும் காற்றின் பாகுத்தன்மையோடு ஒப்பிடும் எண், 68,000 அளவில் இருக்கும். இந்த அளவில் தடித்த சிறகைவிட மெல்லிய வளைந்த தகடு நன்றாக வேலை செய்யும். ஆகவே ரெஜிபோம் சிறகோடு ஒரு வளைந்த காட்போட் தகட்டையும் வெட்டி இரண்டையும் ஒப்பிடுங்கள்.

#20 சிறகு (வெள்ளவத்தை)

சரி ரீச்சர், அறையிலேயே வைக்கிறோம். வளைந்த தகடு வெட்டியாகிவிட்டது. தராசைப் பெட்டிக்கு வெளியே, கீழே வைத்து, கம்பி மட்டும் ஒரு சிறு துளையால் உள்ளே போகிறது. துளையைச் சுற்றிக் கம்பியில் முட்டாதபடி ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக் கசிவை அடைக்கலாமா என்று அண்ணா கேட்கிறார்.

#21 மொறட்டுவை இயந்திரம்

தண்ணீர் வேண்டாம். 108 பாஸ்கல் என்றால் தண்ணீர் 11 மில்லிமீற்றர் மேலே ஏறும், கம்பியை நனைத்துத் தராசின் எண்ணையும் கெடுக்கும். தராசையே காற்றுப் புகாத ஒரு பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியைச் சோதனைப் பகுதியின் அடியில் ஒட்டிவிடுங்கள். முன்பக்கம் எண் தெரியப் பேர்ஸ்பெக்ஸ். தராசுப் பெட்டிக்குள்ளும் சோதனைப் பகுதிக்குள்ளும் ஒரே அமுக்கம் ஆகிவிடும், துளை வழியே காற்று ஓடாது. விசிறி ஓடாமல் ஒரு தடவை, சிறகு இல்லாமல் கம்பி மட்டும் இருக்க விசிறியோடு ஒரு தடவை வாசித்துக் கழித்துக்கொள்ளுங்கள்.

#22 சிறகு (வெள்ளவத்தை)

அது நல்ல வழி அண்ணா, அப்படியே செய்கிறோம். பெட்டிக்குப் பழைய பிஸ்கட் தகரம் அளவாக இருக்கிறது. இந்த வாரக் கடைசியில் மறை 4 பாகையில் இருந்து 16 பாகை வரை அளக்கப்போகிறோம். இரண்டு சிறகுகளின் அட்டவணையையும் இங்கேயே இடுகிறேன்.